தரிசு என்று போட்ட கையெழுத்து

அகரவிளாகம்,
1.8.2025, ஆடி வெள்ளி.

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் மூன்று வேளையும் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும், குறை சொல்லிக்கொள்வது மட்டும் எங்களைவிடக் கொஞ்சம் கம்மியாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான். வீடியோவில் என்றால் பக்கத்தில் அம்மா நிற்பாள், நடுவில் குட்டி பொம்மையைக் கொண்டுவந்து காட்டும், நீ "வாய்ஸ் கட் ஆவுதுப்பா" என்பாய், நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிடுவேன். அம்மா மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருக்கிறாள். மத்தியானம் ஆகும் திரும்ப. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். காட்டுமன்னார்கோயில் சுப்புராயன் மாமாவின் மகள் கனிமொழி மேல்படிப்புக்கு நீ இருக்கும் கால்கரிக்கே வருகிறாள் அல்லவா, அவளுக்குத் திங்கட்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உனக்கான பையை வாங்கிக்கொண்டு போகிறாள். அந்தப் பையில் உளுந்துக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினம் ரெண்டு தடவை ஏறுகிறாள். கொல்லை முருங்கை போன வாரக் காற்றில் முறிந்து விழுந்தது. என்னமோ நான் போய் ஒடித்ததைப் போல ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. குட்டிக்குக் கடைவாய்ப்பல் முளைத்த படம் பார்த்தோம், அம்மா அதைத் தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் காட்டிவிட்டாள். இதெல்லாம் உனக்கு அவளே சொல்லியிருப்பாள். அவள் சொல்லாதது, அவளுக்கே தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நம் ஊராட்சியை டவுனோடு சேர்க்கிறார்கள் என்று பொங்கலின்போது சொன்னேன் அல்லவா, அது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நாம் இருந்த இடத்திலேயே இருப்போம், டவுன் வந்து நம்மைச் சேர்த்துக்கொள்ளும். நூறு நாள் வேலை போய்விடும் என்று பெண்கள் முணுமுணுக்கிறார்கள், வீட்டு வரி ஏறும் என்று ஆண்கள் முணுமுணுக்கிறார்கள், மனை விலை ஏறும் என்று ரெண்டு தரப்பும் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறது. சேர்ப்பதோடு விஷயம் நிற்கவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற வயல்வெளி முழுவதையும் எடுத்து முந்நூறு சொச்சம் மனை போட்டு, அகல ரோடு, பூங்கா, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடியிருப்பு வரப்போகிறது. அந்தக் கிழக்கு வெளியில்தான் நம்முடைய அரைக் காணியும் இருக்கிறது. என் இடுப்பு ஒத்துழைக்காததால் ரெண்டு வருஷமாகப் போட்டு வைத்திருக்கிறேன், அதில் கோரைதான் விளைகிறது. நமக்கு அடுத்த வரப்பு இருசம்மாளுடையது, உன் கூடப் படித்த ஜான்சியின் அம்மா. அவர் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த எண்பது சென்ட்டில் சம்பா நெல்லும் அதற்குப் பிறகு உளுந்தும் போட்டுத்தான் இருசம்மாள் ஜான்சியை நர்சிங் படிக்க வைத்தார். இருசம்மாளை நான் வா போ என்று பேசுவதைக் கேட்டுவிட்டு நீ காலேஜ் படிக்கும்போது என்னிடம் சண்டை போட்டாய், "ஒங்கள வுட ரெண்டு வயசு பெரியவங்கப்பா" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கடிதத்தில் மரியாதையாகவே எழுதுகிறேன். அந்த அளவுக்காவது செய்யலாம் இல்லையா.

திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. சாகுபடி நடக்கிற நஞ்சையைத் தொடக் கூடாது, சாகுபடி இல்லாத தரிசு நிலத்தை மட்டும்தான் மனைக்கு எடுக்கலாம். எது சாகுபடி எது தரிசு என்று பார்ப்பதற்குத் தை மாதக் கடைசியில் சர்வேக்கு ஆள் வந்தது. வந்தவள் இலக்கியா என்று ஒரு பெண், ஸ்ரீமுஷ்ணத்துக்காரி, கான்ட்ராக்ட் வேலை, உன்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாக இருப்பாள். விவசாயம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டிருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராகக் குப்பை கொட்டிய ஞானசேகரன் இருக்கும்போது வேறு யார் வேண்டும் என்று என்னைக் கை காட்டிவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆகிறது, என்னை யாராவது 'சார்' என்று கூப்பிட்டு எவ்வளவு காலம். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வயலுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று அம்மா கேட்டாள்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், திருப்பூர்க்கார மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவரும் இதைப் படிக்கட்டும் என்பதால் சொல்கிறேன். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே அந்தச் சேற்று ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்துவிட்டால் அரிதாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். உழவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, மண்ணில் இருக்கிற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி சித்திரையில் கைக்கு வந்துவிடும். எங்கள் துறையில் இதற்குப் பெயர் நெல் தரிசு உளுந்து. பேச்சில் வெறுமனே 'நெல் தரிசு' என்றுதான் சொல்வோம். எத்தனை ஏக்கர் நெல் தரிசு என்று மாதா மாதம் ரிப்போர்ட் எழுதியவன் நான், தரிசு என்றால் எனக்குக் கண்ணில் பச்சைதான் தெரியும். மற்ற உலகத்துக்குத் தரிசு என்றால் ஒன்றும் விளையாத நிலம். எனக்கு இது தெரியாதா, நன்றாகத் தெரியும். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்குக் கிழக்கு வெளியில் அறுப்பு முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அறுப்பு மெஷின் ஓடிய தடமும் அரிதாளும் நாலு கொக்கும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தால்தான் தாளுக்குள் ரெண்டு இலை விட்டு நிற்கிற உளுந்து தெரியும். அந்தப் பெண் வரப்பில் நின்றபடியே "இது என்னா சாகுபடிங்க சார்?" என்று கேட்டாள். நான் பழக்க தோஷத்தில் "நெல் தரிசும்மா" என்றேன். அவள் கையில் இருந்த டேப்லெட்டில் சாகுபடி, தரிசு, கட்டடம் என்று மூன்றே மூன்று கட்டம்தான். அவள் தரிசைத் தொட்டாள். திரையில் கிழக்கு வெளி மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. அதுவரைக்கும் என் மேல் தப்பு இல்லை, வாய்ப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததுதான் தப்பு. அவள் பொறுப்பான பெண், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினாள். "கிழக்கு வெளி முழுக்கத் தரிசு, சாகுபடி எதுவும் இல்ல, சரிங்களா சார்?" என்றாள். தப்பு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "இரும்மா, குனிஞ்சு பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் சொல்லவில்லை. ரெண்டாவது தடவையும் படித்தாள். "சரிம்மா" என்றேன். டேப்லெட்டை நீட்டினாள், விரலால் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரப்போகிற குடியிருப்பின் படத்தை அதே டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினாள். மனைகள் வரிசையாக இருந்தன, நடுவில் பச்சையாக ஒரு பூங்கா, அதில் ஊஞ்சல் சறுக்குமரம் எல்லாம் குட்டிக் குட்டியாகப் போட்டிருந்தார்கள். பூங்காவுக்கு எதிரில் ஒரு மூலை மனை. என் மனசு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ரெண்டு பொங்கலுக்கு முன்னால் நீ வந்திருந்தபோது, இங்கேயே வந்துவிடுங்களேன் என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. "மழ பேஞ்சா வண்டி வராது, கொழந்தைக்கு ஜொரம்னா சிதம்பரம் ஓடணும், வெளையாட ஒரு பார்க் உண்டாப்பா இங்க" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். நீ ஊருக்கு வரமாட்டாய், ஊர் டவுன் ஆகிவிட்டால் வருவாய் என்று ஒரு கணக்கு. அந்தப் பூங்காவும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே வருகிறது என்றும் எனக்குத் தெரியும். வாய்க்கால் மதகிலிருந்து ரெண்டாவது வரப்பு, இருசம்மாளின் எண்பது சென்ட். தெரிந்தேதான் சரிம்மா என்றேன். அம்மாடி, உனக்காகச் செய்தேன் என்று உன் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டது ஒரு பார்க் உண்டா என்று. பக்கத்து வயல்காரரின் நிலத்தைப் பிடுங்கிப் போடு என்று நீ கேட்கவில்லை. இது முழுக்க முழுக்க என் ஆசை, என் கேவலம்.

இதில் இன்னொரு கேவலம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் எங்கள் துறை கொடுத்த புது ரக உளுந்தை நெல்லுக்குள் தெளிக்க ஒருத்தரும் முன்வராதபோது, பொன்னுரங்கம்தான் என் பேச்சை நம்பித் தன் வயலைக் கொடுத்தார். அங்கே போட்ட செயல்விளக்கத் திடலைக் காட்டித்தான் எனக்குக் கடலூரில் கேடயம் கொடுத்தார்கள், கூடத்தில் டி.வி.க்கு மேல் இருக்கிறதே, நீ சின்ன வயசில் அதில் மை கொட்டினாயே, அதுதான். அந்த நிலத்தைப் போய்த் தரிசு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயந்திரம் வந்து அந்தக் கேடயத்துக்குக் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தேன். டீ நன்றாகத்தான் இறங்கியது.

ஆனி மாதம் நோட்டீஸ் வந்தது. கிழக்கு வெளிக்காரர்களில் பாதிப் பேர் கொடுக்கத் தயார், அவர்களுக்கு விவசாயம் விட்டால் போதும். இருசம்மாள் மட்டும் முடியாது என்று ஆட்சேபணை கொடுத்தார். மனுவை ஜான்சி பாண்டிச்சேரியிலிருந்து வந்து எழுதிக் கொடுத்தாள். ஊர்ப் பயிர்க் கணக்கான பழைய அடங்கலில் நெல் உளுந்து என்று இருக்கிறது, புது சர்வேயில் தரிசு என்று இருக்கிறது, எது நிஜம் என்று போன மாதம் இருபத்திரண்டாம் தேதி கடலூரில் விசாரணை வைத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் இருசம்மாள் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "ஐயா, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். நீங்க வெத குடுத்து வெளஞ்ச நெலம். நீங்க சொல்லாம வேற யாரு சொல்லப்போறாங்க" என்றார். சர்வேயில் சாட்சி யார் என்று அவருக்குத் தெரியாது. வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அந்தக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளேயிருந்து அம்மா வேறு "அவுரு வராம என்னா, கட்டாயம் வருவாரு" என்று சொல்லிவிட்டாள். போனேன். அன்றைக்கும் அதே வெள்ளைச் சட்டை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கி விசாரணை ஆபீசுக்கு நடக்கும்போதே எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஜான்சி நேராக அங்கே வந்துவிட்டாள், நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். விசாரணை செய்த அதிகாரி நல்ல மனிதர், எரிந்து விழவில்லை, இருசம்மாளை உட்காரச் சொன்னார், சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உள்ளூர் சாட்சி ஒருத்தர் தரிசுன்னு உறுதி குடுத்துருக்காரும்மா, கோ. ஞானசேகரன்னு" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அம்மாடி, அப்போது இருசம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "சார், எங்க ஐயா கையெழுத்து எனக்குத் தெரியும். வெதச் சீட்டுல வருசா வருசம் பாத்துருக்கேன், முத்து முத்தா இருக்கும். இது கோழி கெளறி வுட்டாப்புல இருக்குது. யாரோ போட்டுட்டு அவுரு பேர எழுதி வச்சிருக்காங்க. அவுரு அப்பிடி சொல்ற ஆளே இல்ல" என்றார். படிக்கத் தெரியாதவர், என் கையெழுத்தை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறார்.

அதிகாரி என்னைப் பார்த்து, "சார், நீங்களே சொல்லுங்க, இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார். கண்ணாடித் திரையில் விரலால் இழுத்த கையெழுத்து, கோணல் மாணலாகத்தான் இருந்தது. நான் சொன்னேன், "என் கையெழுத்து மாதிரி தெரியலைங்க." இல்லை என்று சொல்லவில்லை பார், மாதிரி தெரியவில்லை என்றேன். முப்பத்தொரு வருஷம் ஆபீசில் கற்றுக்கொண்ட வித்தை அது, மாட்டிக்கொள்ளாமல் எழுதுவது. அதிகாரி குறித்துக்கொண்டார். அப்படியானால் சர்வே எடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி, வரும் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்தார். இருசம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜான்சி கும்பிடவில்லை. அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைப்பது என் வழக்கம், அப்பா கையெழுத்துக்கு மட்டும் கண் இருக்கிறது என்று நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்வீர்கள். கோழி கிளறியதுபோல் இருந்தாலும் அந்தக் கோடும் ரெண்டு புள்ளியும் தெளிவாகத்தான் இருந்தது. அவளுடைய நர்சிங் விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தானே. காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் அம்மா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். உனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பாளோ என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயந்தேன். நீ வழக்கம்போல "மாத்திர போட்டீங்களாப்பா" என்று கேட்டதும்தான் அவள் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவள் சொல்லியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டில் நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இருசம்மாள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை என்னிடம் தள்ளிவிட்டார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ரெண்டு நாள் கழித்து உளுந்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "பாப்பாவுக்கு அனுப்புங்கம்மா, அந்த ஊரு உளுந்து மாவு பொங்காதாம், ஜான்சி சொல்லிச்சு" என்றாராம். அம்மா புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து உனக்காகக் கட்டி வைத்திருக்கிறாள். நீ பையைப் பிரித்தால் முதலில் தெரிவது அதுதான். தரிசு என்று நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த அரிதாளுக்குள் ரெண்டு இலை விட்டு நின்றதே, அதே உளுந்து. சித்திரையில் காய்த்து, அடித்து, தூற்றி நம் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்த மூட்டையை முறத்தில் கொட்டி அம்மா பொறுக்கும்போது நான் எதிரில் உட்கார முடியாமல் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டேன்.

இதோடு விட்டதா. போன சனிக்கிழமை அந்தப் பெண் இலக்கியா போன் செய்தாள். "சார், நீங்கதான சார் போட்டீங்க. நான் ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனனே. நானே கையெழுத்து போட்டுக்கிட்டேன்னு வெளக்கம் கேட்டு லெட்டர் வந்துருக்குது சார். வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க" என்று அழுதாள். அவளை நம்பி அவள் வீட்டில் மூன்று பேராம். நான் "சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொய்க் கையெழுத்தால் ஒருவர் நிலத்தை விடுகிறார், அதை என்னுடையது இல்லை என்று மழுப்பியதால் இன்னொருத்தி வேலையை விடுகிறாள். நான் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நல்லவனாக நடமாடுகிறேன். அந்தப் பெண் அழுதது நீ ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் போனில் அழுதது மாதிரியே இருந்தது.

வரும் செவ்வாய்க்கிழமை கடலூர் போய், அது என் கையெழுத்துதான், நிலத்தில் உளுந்து நின்றது, தெரிந்தேதான் தரிசு என்று உறுதி கொடுத்தேன், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லப்போகிறேன். வெள்ளைக் காகிதத்தில் எழுதி மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுப்பார்களோ எடுக்கட்டும். சொன்னதால் அந்த நிலம் தப்பிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடங்கலும் சாட்சியும் ஒத்துப்போனால் தப்பலாம். அம்மாவிடம் இன்று சாயந்திரம் சொல்லிவிடுவேன், முருங்கைக்கு ரெண்டு நாள் என்றால் இதற்கு எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ. நாளைக் காலையில் இருசம்மாள் வீட்டுக்குப் போகிறேன். இத்தனை வருஷத்தில் தெருவில் நின்று கூப்பிட்டிருக்கிறேனே தவிர அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது இல்லை, முதல் தடவையாகப் போகப்போவது இந்தச் சேதியோடு. அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். "பரவாயில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

இதையெல்லாம் ஏன் முன்கூட்டியே உனக்கு எழுதுகிறேன் என்றால், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. நாளைக்குப் போகிறேன் என்கிறேன், நாளைக்கு மழை வந்தால் நாளை மறுநாள் என்பேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிட்டு, அதிகாரி முன்னால் நின்று மறுபடியும் 'மாதிரி' போட்டாலும் போடுவேன். அப்படிப்பட்ட ஆள்தான் உன் அப்பா, கூடத்துக் கேடயத்தைப் பார்த்து நீ வேறு மாதிரி நினைத்து வளர்ந்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கனிமொழி பையை வாங்கிக்கொண்டு போய்விட்டால் இந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்க முடியாது. நீ இதைப் படிக்கும்போது செவ்வாய்க்கிழமை தாண்டியிருக்கும். நீ போன் செய்து சொன்னீர்களா என்று கேட்பாய், அந்தக் கேள்விக்குப் பயந்தாவது நான் சொல்லியிருப்பேன். கட்டாயம் கேள். அம்மாவிடம் கேட்காதே, என்னிடமே கேள், நான் வாய்ஸ் கட் ஆகிறது என்றால் விடாதே. ஜான்சியிடம் எனக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது நான் கேட்க வேண்டியது. அவளோடு பேசுவதை மட்டும் விட்டுவிடாதே.

உளுந்து தோலோடு இருக்கிறது, நாலு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் தோல் கழன்றுவிடும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். டப்பாவில் போட்டு ரெண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு வை, வண்டு வராது. குட்டிக்குக் களி கிண்டிக் கொடு, இடுப்புக்கு நல்லது. குளிர் வருவதற்குள் அவளுக்குக் காது மூடுகிற குல்லா வாங்கிவிடு. மாப்பிள்ளையை ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடாதே. இங்கே பார்க் வந்தாலும் வராவிட்டாலும் முடிந்தபோது வந்து போங்கள். மழைக்கு வண்டி வராவிட்டால் நான் குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கே வந்து நிற்பேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் முன்னால் தலை குனியாமல், நிறைந்த மனசோடு நூறு வயது இருக்க வேண்டும். தலை குனிவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் இந்த ஆசீர்வாதத்தை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. தெருமுனையில் அம்மா குரல் கேட்கிறது, நிறுத்திக்கொள்கிறேன். கீழே கோடும் ரெண்டு புள்ளியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அந்தத் திரையில் விரலால் போட்டதும் இந்தக் காகிதத்தில் பேனாவால் போடுவதும் ஒரே ஆள்தான்.

இது என் கையெழுத்து.

உன் அப்பா,
கோ. ஞானசேகரன்
________
. .